பழகிய கையும் மாறிய கருவியும்

கருவி என்பது கைக்குப் புறத்தே உள்ள பொருள். ஆயினும் பழக்கம் முதிர முதிர அது கையோடு ஒன்றிவிடுகின்றது. ஏரோட்டும் உழவர் மேழியைப் பார்த்து உழுவதில்லை; படைச்சாலைப் பார்த்தே உழுகின்றார். தறியில் அமர்ந்த நெசவாளர் மிதியை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. துணியில் விழும் கரையையே எண்ணுகின்றார். எழுதுவோர் நிலையும் இதுவே. எழுத்தாணியோ பேனாவோ தட்டச்சுப்பொறியோ கணிப்பொறியோ எதுவாயினும், கருவி நினைவிலிருந்து மறையும்போதுதான் எழுதப்படும் பொருள் நினைவில் முழுமையாக நிற்கும்.

பேனாவும் எழுத்தாணியும் ஒரே இரவில் தம் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. கணிப்பொறி மென்பொருளோ அவ்வாறு மாறும் தன்மையது. புதிய பதிப்பை நிறுவிய மறுநாள், பல்லாண்டு பழகிய பட்டியல் இருந்த இடத்தில் இல்லை; பாராமலே அழுத்திய விசை வேறொன்றைச் செய்கின்றது; தேடிய பொத்தான் அறவே நீக்கப்பட்டிருக்கின்றது. இதனால் எழும் மனக்குறை மென்பொருள் வரலாற்றின் தொடக்கக் காலத்திலிருந்தே கேட்டுவருவதாகும். அதனைப் புதுமைக்கு அஞ்சுவோரின் பிடிவாதம் எனத் தள்ளிவிடுவாரும் உளர். அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதையும், இத்தகைய பிணக்குகள் எவ்வாறு தீர்ந்தன என்பதையும் சில நிகழ்வுகளின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரல்கள் கற்ற கட்டளைகள்

1978-ஆம் ஆண்டில் சீமோர் ரூபின்ஸ்டைன் என்பவர் கலிபோர்னியாவில் மைக்ரோப்ரோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்திற்காக ராப் பார்னபி என்னும் நிரலாளர் உருவாக்கிய சொற்செயலியே வேர்டுஸ்டார். அந்நாளைய கணிப்பொறி முனையங்கள் பலவற்றில் அம்புக்குறி விசைகள் இல்லை. எனவே கண்ட்ரோல் விசையோடு எழுத்து விசைகளைச் சேர்த்து அழுத்தும் முறை வகுக்கப்பட்டது. ஈ விசை மேலே செல்லவும், எக்ஸ் விசை கீழே செல்லவும், எஸ் விசை இடப்புறம் செல்லவும், டி விசை வலப்புறம் செல்லவும் பயன்பட்டன. இந்நான்கும் விசைப்பலகையில் ஒரு வைர வடிவில் அமைந்துள்ளன. அவற்றை அடுத்துள்ள ஏ, எஃப் விசைகள் ஒரு சொல் அளவு தாண்டுவதற்கு உரியவை. கண்ட்ரோல் விசையும் அக்கால விசைப்பலகைகளில் ஏ விசைக்கு அருகிலேயே இருந்தது. ஆகவே எழுதுவோர் தட்டச்சு செய்யும் நிலையிலிருந்து கையை எடுக்காமலே பனுவல் முழுவதும் உலவ முடிந்தது.

இம்முறை கற்பதற்கு எளிதன்று. கற்றபின் மறப்பதற்கும் எளிதன்று. வேர்டுஸ்டாரை உருவாக்கியோர் இதனை உணர்ந்திருந்தனர் என்பதற்கு அதன் உதவி நிலை என்னும் அமைப்பே சான்று. தொடக்க நிலையினர்க்குத் திரையின் மேற்பகுதியில் கட்டளைப் பட்டியல் காட்டப்பெறும். தேர்ச்சி வளர வளர, பயன்படுத்துவோர் தாமே அந்நிலையை மூன்றிலிருந்து சுழியம் வரை குறைத்து, பட்டியல்களைத் திரையிலிருந்து அகற்றிக்கொள்ளலாம். இங்கும் திரையிலிருந்து ஒன்று நீங்கத்தான் செய்கின்றது. ஆனால் நீக்குபவர் எழுதுபவரே. பின்னாளில் எழுந்த பிணக்குகளை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு பெரிதும் துணைபுரிகின்றது.

எழுத்தாளர் பலர் வேர்டுஸ்டாரைத் தம் கருவியாகக் கொண்டனர். கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1982-இல் வெளிவந்த தம் '2010: ஒடிசி டூ' நாவலை ஆர்க்கைவ்ஸ் என்னும் நுண்கணிப்பொறியில் வேர்டுஸ்டாரைக் கொண்டே எழுதினார். நாவல் முழுவதும் ஒரேயொரு ஐந்தங்குல நெகிழ்வட்டில் அடங்கிக் கொழும்பிலிருந்து நியூயார்க் சென்றது என்பது அந்நூலிலேயே பதிவாகியுள்ள செய்தி.

பெயர் பழையது, கருவி புதியது

வேர்டுஸ்டாரின் செல்வாக்கு உயர்ந்திருந்த காலத்திலேயே அதன் நிறுவனம் ஒரு பெரும் மாற்றத்தில் இறங்கியது. 1980-களின் நடுப்பகுதியில் வேர்டுஸ்டார் 2000 என்னும் மென்பொருள் வெளியிடப்பட்டது. பெயரளவில் அது பழைய மென்பொருளின் வழித்தோன்றல். கட்டளைகளோ பெரும்பாலும் புதியவை. கோப்புகளின் வடிவமும் பழையதோடு ஒத்துப்போகவில்லை. புதிதாகக் கற்போர்க்கு எளிதாய் அமையும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட மாற்றம், ஏற்கெனவே கற்றோரைக் கல்லாதார் நிலைக்குக் கொண்டுசென்றது.

அதன் விளைவு நிறுவனம் எதிர்பாராததாயிற்று. மீண்டும் முதலிலிருந்து கற்றாக வேண்டும் என்னும் நிலை வந்தால், பழைய நிறுவனத்தின் புதிய கருவியைத்தான் கற்க வேண்டும் என்னும் கட்டாயம் எவர்க்கும் இல்லை. வேர்டுபெர்ஃபெக்ட் முதலிய போட்டி மென்பொருள்கள் அக்காலத்தில் வலுப்பெற்றன. மறுபுறம், மைக்ரோப்ரோவிலிருந்து வெளியேறிய சிலர் நியூவேர்டு என்னும் மென்பொருளை உருவாக்கினர். பழைய வேர்டுஸ்டாரின் கட்டளைகளை ஏறத்தாழ அவ்வாறே அது ஏற்று, மேலும் சில வசதிகளைச் சேர்த்து அளித்தது. இறுதியில் மைக்ரோப்ரோ அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, நியூவேர்டை அடிப்படையாகக் கொண்டு 1987-இல் வேர்டுஸ்டார் 4.0 பதிப்பை வெளியிட்டது. தான் கைவிட்ட வழியைத் தன்னிடமிருந்து பிரிந்தோரிடம் விலைகொடுத்துப் பெற வேண்டியதாயிற்று. அதற்குள் சந்தையில் அதன் முதலிடம் பறிபோயிருந்தது.

வேர்டுஸ்டாரின் விசைமுறை அம்மென்பொருளோடு முடிந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. 1983-இல் வெளிவந்த டர்போ பாஸ்கல் என்னும் நிரலாக்கக் கருவி தன் பனுவல் திருத்தியில் அதே விசைமுறையைக் கையாண்டது. புதிய கருவி ஒன்று, மக்களின் விரல்களில் ஏற்கெனவே படிந்திருந்த பழக்கத்தைத் தன் முதலாகக் கொண்டது. அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், டாஸ் இயங்குதளத்தில் வேர்டுஸ்டார் 4.0 பதிப்பைக் கொண்டே தாம் எழுதுவதாக 2014-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் தெரிவித்தார். அவர் குறிப்பிட்டது 27 ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்பு.

முந்தைய பதிப்புக்குத் திரும்பியோர்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கென 1992-இல் வெளியிட்ட வேர்டு 5.1 பதிப்பு, எழுத்தாளர் பலரின் விருப்பத்திற்குரியதாய் விளங்கியது. அடுத்து வந்த 6.0 பதிப்பு விண்டோஸ் கணிப்பொறிக்கும் மெக்கின்டாஷுக்கும் பொதுவான மூலநிரலிலிருந்து உருவாக்கப்பட்டது. நிறுவனத்தைப் பொறுத்தவரை ஒரே பணியை இருமுறை செய்வதைத் தவிர்க்கும் சிக்கன வழி அது. மெக்கின்டாஷ் பயன்படுத்துவோர்க்கோ, தம் கணிப்பொறியின் மரபுக்கு ஒவ்வாத தோற்றமும் நடையும் கொண்ட, வேகம் குன்றிய கருவியாக அது வந்து வாய்த்தது. எதிர்ப்பு வலுத்தது. மனநிறைவு கொள்ளாதோர்க்குப் பழைய 5.1 பதிப்பை விலையின்றி அளிக்க நிறுவனம் முன்வந்தது. மேம்பாடு என்று விற்கப்பட்டதைத் திருப்பிவைத்துவிட்டு முந்தையதைப் பெற்றுச் செல்லும் வழியை, அதனை விற்றவரே திறந்துவிட்ட நிகழ்வு இது.

பட்டியல் போய் நாடா வந்தது

அடுத்த நிகழ்வு இதனினும் பரந்த அளவில் நடந்தது. 1989-இல் விண்டோஸுக்கென முதன்முதல் வெளிவந்த வேர்டு மென்பொருளில் கருவிப்பட்டைகள் இரண்டே இருந்தன. வேர்டு 2003 பதிப்பில் அவற்றின் எண்ணிக்கை 30-ஐக் கடந்திருந்தது. பட்டியல்களுக்குள் துணைப்பட்டியல்கள் பெருகின. இந்நெருக்கடியைக் குறைக்க 1999-இல் வெளிவந்த ஆஃபிஸ் 2000 பதிப்பில் ஒரு வழி மேற்கொள்ளப்பட்டது. அதிகம் பயன்படாத கட்டளைகள் பட்டியலில் மறைக்கப்பட்டுச் சற்று நேரம் கழித்தே தோன்றின. பயன்படுத்துவோரின் பழக்கத்திற்கேற்பப் பட்டியலின் வரிசையும் மாறிக்கொண்டிருந்தது. பலர்க்கு இது உதவியாகப் படவில்லை. நேற்று மூன்றாம் இடத்திலிருந்த கட்டளை இன்று ஐந்தாம் இடத்தில் இருக்குமாயின், கண் தன் பழக்கத்தை நம்ப இயலாது.

2007 சனவரியில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட ஆஃபிஸ் 2007, பட்டியல்களையும் கருவிப்பட்டைகளையும் ஒருசேர நீக்கிவிட்டு நாடா என்னும் புதிய அமைப்பைப் புகுத்தியது. கட்டளைகள் பணிவகைக்கேற்பத் தொகுக்கப்பட்டுத் திரையின் மேற்பகுதியில் படங்களாய் விரிந்தன. இது சிந்தனையின்றிச் செய்யப்பட்ட மாற்றமன்று. ஜென்சன் ஹாரிஸ் முதலியோர் அடங்கிய வடிவமைப்புக் குழுவினர் மக்கள் எக்கட்டளைகளை எவ்வளவு பயன்படுத்துகின்றனர் என்பதை விரிவாக ஆராய்ந்தே இதனை அமைத்தனர். மக்கள் புதிதாகக் கேட்ட வசதிகள் பல முன்பே மென்பொருளில் இருந்தன என்பதும், பட்டியல்களின் ஆழத்தில் அவை கண்ணுக்குப் படாமல் கிடந்தன என்பதும் அவர்கள் கண்ட உண்மை.

இம்மாற்றத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஆல்ட் விசையோடு எழுத்துகளைச் சேர்த்து அழுத்தும் பழைய குறுக்குவழிகள் பெரும்பாலும் 2007 பதிப்பிலும் செயல்பட்டன. பட்டியலே திரையில் இல்லாதபோதும் அதன் விசைகள் இயங்கின. விரல்களின் நினைவுக்கு அளிக்கப்பட்ட இம்மதிப்பு கண்களின் நினைவுக்கு அளிக்கப்படவில்லை. சுட்டியால் பட்டியலைத் திறந்து பழகியோர், பழைய பட்டியலை மீண்டும் திரையில் வருவிக்கும் விருப்பம் ஒன்றைத் தேடினர். அத்தகைய விருப்பம் அதில் இல்லை. அக்குறையை நிரப்பப் பிறர் உருவாக்கிய துணைமென்பொருள்கள் சந்தைக்கு வந்தன. ஒரு நிறுவனம் நீக்கியதை மற்றொருவர் விற்க முடிந்தது என்பதே அதற்கிருந்த தேவையைக் காட்டும். நாடாவைத் தம் விருப்பிற்கேற்ப மாற்றியமைக்கும் வசதி 2010 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

இதே சிக்கலை லிப்ரெஆஃபிஸ் குழுவினர் வேறு வகையில் அணுகினர். 2010-இல் தோன்றிய இக்கட்டற்ற மென்பொருள் மரபான பட்டியல்களையே கொண்டிருந்தது. நாடாவை ஒத்த அமைப்பு 2017-இல் வெளிவந்த 5.3 பதிப்பில் சோதனை நிலையில் சேர்க்கப்பட்டபோது, அது பட்டியல்களுக்கு மாற்றாகத் திணிக்கப்படவில்லை. விரும்புவோர் தேர்ந்துகொள்ளும் மற்றொரு வழியாகவே வைக்கப்பட்டது.

தொடக்கப் பொத்தான்

1995 ஆகஸ்ட் 24-ஆம் நாள் வெளியான விண்டோஸ் 95, திரையின் இடப்பக்க அடிமூலையில் தொடக்கப் பொத்தான் ஒன்றை வைத்தது. எங்கிருந்து தொடங்குவது என்று திகைத்து நின்ற புதியவர்க்கு வழிகாட்டவே அது அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 17 ஆண்டுகள் அம்மூலையே கோடிக்கணக்கானோர்க்குக் கணிப்பொறியின் வாயிலாய் இருந்தது.

2012 அக்டோபர் 26-ஆம் நாள் வெளியான விண்டோஸ் 8-இல் அப்பொத்தான் இல்லை. 2010-இல் ஐபேடு வெளிவந்தபின் தொடுதிரைக் கருவிகள் பெருகியிருந்தன. அவற்றுக்கேற்பப் பெரிய கட்டங்கள் நிறைந்த தொடக்கத்திரை ஒன்று விண்டோஸில் அமைக்கப்பட்டது. சுட்டியையும் விசைப்பலகையையும் கொண்டு பணியாற்றியோர், திரையின் மூலைகளுக்குச் சுட்டியைக் கொண்டுசென்றால் தோன்றும் மறைவான வழிகளைத் தாமே கண்டறிய வேண்டியிருந்தது. கணிப்பொறியை நிறுத்துவது எப்படி என்னும் எளிய வினாவே பலரைத் தடுமாறச் செய்தது. புதியவர்க்கு வழிகாட்டப் பிறந்த பொத்தான் நீங்கியபோது, பழையவரும் புதியவராயினர். கிளாசிக் ஷெல், ஸ்டார்ட்8 போன்ற பிறர் மென்பொருள்கள் பழைய பட்டியலை மீட்டுத் தந்தன.

2013 அக்டோபர் 17-ஆம் நாள் வெளியான விண்டோஸ் 8.1-இல் பொத்தான் மீண்டும் தோன்றியது. ஆனால் அதனை அழுத்தியபோது பழைய பட்டியல் விரியவில்லை, தொடக்கத்திரையே வந்தது. மக்கள் கேட்டது பொத்தானின் வடிவத்தையன்று, அதன் வழியாகத் தாம் அறிந்திருந்த பாதையை என்பதை இது தெளிவாக்கியது. 2015 சூலை 29-ஆம் நாள் வெளியான விண்டோஸ் 10-இல்தான் பட்டியல் திரும்பியது. அதுவும் பழையது அன்று; பட்டியலும் கட்டங்களும் இணைந்த ஒரு வடிவம்.

மூலநிரலைப் பெற்றோர்

மேற்கண்ட நிகழ்வுகளில் எல்லாம் இறுதி முடிவு நிறுவனத்தின் கையில் இருந்தது. கட்டற்ற மென்பொருள் உலகில் நிலை வேறு. லினக்ஸ் கணிப்பொறிகளில் பரவலாக வழங்கிய க்னோம் என்னும் மேசைத்தளம் 2011 ஏப்ரலில் தன் மூன்றாம் பதிப்பில் பெரிதும் மாற்றப்பட்டது. பழைய பட்டியல்களும் பட்டைகளும் நீங்கின. சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானும் இயல்பமைப்பில் இடம்பெறவில்லை. லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை வெளிப்படையாகக் கண்டித்து, எக்ஸ்எஃப்சிஇ என்னும் வேறொரு மேசைத்தளத்திற்கு மாறினார்.

அதே 2011-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த பயனர் ஒருவர் க்னோமின் பழைய இரண்டாம் பதிப்பின் மூலநிரலை எடுத்துத் தனியே பேணத் தொடங்கினார். தென்னமெரிக்கர் அருந்தும் பானமொன்றுக்கு உரிய செடியின் பெயரால் மாட்டே எனப் பெயர்பெற்ற அம்மேசைத்தளம், பலர் கைகூடி வளர்ந்தது. லினக்ஸ் மின்ட் குழுவினர் க்னோமின் புதிய நுட்பத்தின்மீது மரபான தோற்றத்தை ஏற்றிச் சின்னமன் என்னும் மேசைத்தளத்தை உருவாக்கினர். மூலநிரலை எவரும் பெறலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் உரிமமே இவற்றுக்கு இடமளித்தது. மனக்குறையுடையோர் முறையிடுவதோடு நின்றுவிடாமல், நீக்கப்பட்டதைத் தாமே தொடர்ந்து காக்க முடிந்தது.

க்னோம் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட 3.8 பதிப்பில் பழைய தோற்றத்தை ஒத்த கிளாசிக் அமைப்பொன்றைச் சேர்த்தனர். டோர்வால்ட்ஸ், நீட்சிகள் என்னும் துணைநிரல்களின் உதவியோடு அவ்வாண்டில் மீண்டும் க்னோமுக்கே திரும்பினார். எதிர்ப்போர் எல்லாரும் மாற்றத்தை என்றும் வெறுப்போர் அல்லர் என்பதும், தம் பழக்கத்திற்குச் சிறிது இடம் கிடைக்குமாயின் புதியதையும் ஏற்பர் என்பதும் இதனால் புலனாகும்.

செய்வோர் தரப்பு

மென்பொருள் செய்வோர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு விருப்பமும் ஒவ்வொரு சுமை. இருநிலை கொண்ட விருப்பங்கள் பத்து இருப்பின், அவை ஒன்றோடொன்று கூடும் நிலைகள் 1024 ஆகும். அத்தனையையும் சோதித்துப் பிழையின்றிப் பேணுதல் எளிய செயலன்று. பழைய வழிகளை எல்லாம் வைத்துக்கொண்டே போனால் புதியவர் நுழைய இயலாத காடாக மென்பொருள் மாறிவிடும். வேர்டு 2003-இன் கருவிப்பட்டைகள் இதற்கு எடுத்துக்காட்டு. நாடாவைக் கண்டு சினந்தோர் பலர் பின்னர் அதற்கே பழகினர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

எனினும் ஒன்று கருதத்தக்கது. மாற்றத்தின் நன்மை பெரும்பாலும் இனி வரப்போகும் புதியவர்க்குச் சேர்கின்றது. அதன் விலையை அளிப்போரோ, நெடுங்காலம் அக்கருவியோடு வாழ்ந்தோர். எவர் மிகுதியாகக் கற்றாரோ அவரே மிகுதியாக இழக்கின்றார். விசைகளின் வரிசை, பட்டியலின் இடம், கை செல்லும் தொலைவு ஆகியன பல்லாண்டு உழைப்பால் ஈட்டிய அறிவு. எந்தக் கணக்கேட்டிலும் அது உடைமையாகப் பதிவு பெறுவதில்லை. ஆதலின் அதனை நீக்குவோர்க்கு ஒன்றை எடுத்துக்கொண்டோம் என்னும் எண்ணமும் எழுவதில்லை. வயது முதிர்ந்தோர்க்கும், பார்வை குறைந்து விசைகளை மட்டுமே நம்பியிருப்போர்க்கும் இவ்விழப்பு இன்னும் பெரிது.

தமிழெழுத்தின் பட்டறிவு

பழகிய வடிவம் நீங்குவதும் புதியது அமைவதும் தமிழில் எழுதுவோர்க்குப் புதியன அல்ல. மென்பொருள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தும் குறிகளை வீரமாமுனிவர் சீர்செய்தார். பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். அதனை ஒட்டித் தமிழக அரசு 1978-இல் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றி ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா ஆகியவற்றின் இணைந்த வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை போன்ற கொம்பும் அச்சிலிருந்து மறையத் தொடங்கின.

இம்மாற்றம் நிகழ்ந்த முறை ஒப்புநோக்கத்தக்கது. பள்ளி நூல்களும் அச்சகங்களும் புதிய வடிவத்திற்கு மாறின. ஆனால் பழைய வடிவில் எழுதிப் பழகிய கையை எவரும் தடுக்கவில்லை. முதியோர் தம் மடல்களில் பழைய லையையே எழுதினர். படித்தோர்க்கு அது விளங்கியது. பழைய நூல்கள் நூலகங்களில் இருந்தன. அவற்றைப் படிக்கப் புதிய தலைமுறைக்குச் சிறிது பழக்கமே தேவைப்பட்டது. புதியது பரவியது, பழையதும் தன் காலம் வரை உடன்வாழ்ந்தது.

கணிப்பொறிக்குத் தமிழ் வந்தபோது இத்தகைய இணக்கம் உடனே அமையவில்லை. 1990-களில் வெளிவந்த தமிழ் எழுத்துருக்கள் பல, ஒன்றுக்கொன்று வேறான குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் உள்ளிட்ட கவிதை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. பின்னர் ஒருங்குறி பரவியபோது, பழைய எழுத்துருக்களில் சேமித்த கையெழுத்துப்படிகளை மாற்றிக்கொள்ள மாற்றிநிரல்கள் தேவைப்பட்டன. மாற்றிக்கொள்ளாதோரின் படைப்புகள் வட்டுகளிலேயே தங்கின.

விசைப்பலகையில் நிகழ்ந்தது வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பெற்று, அவ்வாண்டே தமிழக அரசின் ஏற்பையும் பெற்றது. உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்த அதன் ஒழுங்கு புதிதாகக் கற்போர்க்கு ஏற்றது. ஆயினும் தட்டச்சுப் பயிலகங்களில் பயின்றோர் ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். ஆங்கில எழுத்தொலி வழியே உள்ளிடுவோரும், ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி முறையில் பழகியோரும் இருந்தனர். அழகி, என்.எச்.எம். ரைட்டர் முதலிய மென்பொருள்கள் இம்முறைகளுள் ஒன்றை மட்டும் வற்புறுத்தவில்லை. பலவற்றை அருகருகே வைத்து, தேர்ந்தெடுக்கும் உரிமையை எழுதுவோரிடம் விட்டன. ஒருவர் எந்த முறையில் உள்ளிட்டாலும் கிடைக்கும் பனுவல் ஒரே ஒருங்குறிப் பனுவலே. உள்ளே செந்தரம் ஒன்றாகவும், கைக்கு வழி பலவாகவும் அமைந்த இவ்வேற்பாடு, பழக்கத்தையும் புதுமையையும் ஒருசேரப் பேணியது எனலாம்.

மறுக்கும் உரிமை

இதுகாறும் கண்ட நிகழ்வுகளில் ஒரு பொதுக்கூறு காணப்படுகின்றது. வேர்டுஸ்டார் 2000 விலக்கப்பட்டது, முந்தைய வேர்டுஸ்டாரின் வட்டு மக்கள் கையில் இருந்தமையால். வேர்டு 6.0-ஐ ஏற்காதோர் திரும்பிச் செல்ல 5.1 பதிப்பு இருந்தது. விண்டோஸ் 8-ஐ விரும்பாதோர் விண்டோஸ் 7-லேயே தங்கினர். க்னோம் மூன்றை ஏற்காதோர் இரண்டின் மூலநிரலைத் தொடர்ந்தனர். முறையீட்டுக்குச் செவிசாய்க்காத நிறுவனமும் பழைய பதிப்பைவிட்டு மக்கள் நகராமை கண்டு தன் வழியைத் திருத்திக்கொண்டது. அத்திருத்தத்திற்குக் காரணமாய் அமைந்தது, புதியதை வேண்டாம் எனச் சொல்லிப் பழையதோடு பணியைத் தொடர மக்களுக்கு இருந்த வாய்ப்பேயாகும்.

அவ்வாய்ப்பு பின்னாளில் சுருங்கிவந்தது. 2013-இல் அடோபி நிறுவனம் தன் வரைகலை மென்பொருள்களின் புதிய பதிப்புகளை விலைக்கு விற்பதைவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இன் இல்லப்பதிப்பில் இற்றைப்படுத்தல் தானாகவே நிகழ்வது இயல்பாயிற்று. உலாவி வழியே இயங்கும் எழுதுகருவிகளில் பழைய பதிப்பு என ஒன்று பயன்படுத்துவோரிடம் இருப்பதேயில்லை. நிறுவனத்தின் கணிப்பொறியில் மாற்றம் நிகழ்ந்தவுடன் உலகெங்கும் திரை மாறுகின்றது. பாதுகாப்புக் குறைகளை விரைந்து களைய இம்முறை உதவுகின்றது என்பது உண்மை. ஆனால் பாதுகாப்புக்கான திருத்தமும் தோற்றத்தின் மாற்றமும் ஒரே பொதியில் வருவதால், ஒன்றை ஏற்போர் மற்றொன்றையும் ஏற்க வேண்டியவராகின்றனர்.

மார்ட்டினின் வேர்டுஸ்டார் அவர் கையில் நிலைத்தமைக்கு, அவர் எழுதும் கணிப்பொறி இணையத்தோடு இணைக்கப்படாமல் தனித்திருந்ததும் ஒரு காரணமாகும். அத்தகைய தனிமை எல்லார்க்கும் இயலுவதன்று.

முடிவுரை

பழகிய வசதிகள் நீக்கப்படும்போது எழும் மனக்குறையைப் பிடிவாதம் என ஒதுக்குவதற்கு வரலாறு இடந்தரவில்லை. மைக்ரோப்ரோ அக்குரலைக் காலங்கடந்து கேட்டுச் சந்தையை இழந்தது. மைக்ரோசாஃப்ட் இருமுறை தன் அடியைப் பின்வாங்கியது. லிப்ரெஆஃபிஸும் தமிழ் விசைப்பலகை மென்பொருள்களும் புதியதைப் பழையதன் அருகே வைத்ததால் அத்தகைய பிணக்கைப் பெரிதும் தவிர்த்தன. மாற்றம் வேண்டுமா என்பது இங்கு வினாவன்று. கற்ற கைக்குத் தன் வழியில் சிறிது காலமேனும் தொடர இடமுண்டா என்பதே வினா.

எழுதுவோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கருவியின் தோற்றத்தைக் காக்கும் ஆற்றல் அவர்களிடம் எப்போதும் இருப்பதில்லை. எழுதியதைக் காக்கும் ஆற்றல் இருக்கின்றது. எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய ஒருங்குறிப் பனுவலாகவும், அச்சிட்ட தாளாகவும் படைப்புகளைப் பேணிவைப்பின், திரையில் எந்தப் பொத்தான் மறைந்தாலும் பனுவல் மறையாது. பழைய எழுத்துருக்களில் உறங்கும் கவிதைகள் இன்னும் பலரிடம் இருக்கக்கூடும். அவற்றைத் திறக்கும் கணிப்பொறிகளும், அவ்விசைமுறைகளை அறிந்தோரும் உள்ள காலத்திலேயே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுதல் இலக்கிய அமைப்புகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.